செவன் சிஸ்டர்ஸ் ஒரு நாள் நடை: அப்பா அம்மாவோடு போகிறவருக்கு ஒரு பதில்

செப்டம்பர் கடைசியில் திருநெல்வேலியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள், அப்பாவுக்கு 66 வயது, அம்மாவுக்கு 61, அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. நான்கு பேராக லண்டனிலிருந்து ஒரே நாளில் போய், இங்கிலாந்தின் தென்கரையில் சசெக்ஸில் உள்ள செவன் சிஸ்டர்ஸ் வெள்ளைப் பாறைகளை முழுக்க நடந்து முடித்துத் திரும்ப முடியுமா, எல்லாரும் விளிம்பில் நின்று படம் எடுக்கிறார்களே, அங்கே வேலி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி ரயில் நேரத்தையும் தூரத்தையும் பற்றியதாகத் தெரிந்தாலும், எனக்குப் பட்டது இதுதான்: இவ்வளவு தூரம் வந்தவர்கள் உண்மையிலேயே நல்ல காட்சியைப் பார்த்துவிட வேண்டும், ஆனால் அவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. இந்த இரண்டு கவலைக்கும் தனித்தனி பதில் தேவையில்லை என்பதால்தான் நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. சரிவுகளும் பாறை முகங்களும் எப்போது நிற்கும், எப்போது சரியும் என்று பார்ப்பது என் தொழில். பதினெட்டு வருடமாக சசெக்ஸில் இருக்கிறேன். இந்தப் பாதையை எல்லாப் பருவத்திலும் நடந்திருக்கிறேன். என் அப்பா அம்மா வந்தபோது அவர்களையும் கூட்டிப்போயிருக்கிறேன். முழங்காலைப் பற்றி மட்டும் நான் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள், அதை அம்மாவும் அவருடைய மருத்துவரும்தான் சொல்ல வேண்டும்.

நேரடியான பதில் முதலில். சீஃபோர்டு ரயில் நிலையத்தில் தொடங்கி ஈஸ்ட்போர்ன் வரை முழுப் பாதையும் சுமார் 22 கிலோமீட்டர். நடந்து பழகியவர்களுக்கு ஆறரை மணி, ஏழு மணி நேரம். நின்று பார்த்து, உட்கார்ந்து சாப்பிட்டுப் போனால் எட்டு மணி நேரம். செப்டம்பர் கடைசியில் மாலை ஏழு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். லண்டன் விக்டோரியாவிலிருந்து லூயிஸில் ரயில் மாறி சீஃபோர்டு வந்து சேரவே ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆக, உங்களைப் போன்ற இளையவர்கள் விடியற்காலையில் கிளம்பினால் முடியும். உங்கள் பெற்றோரோடு முடிக்கப் பார்க்காதீர்கள். தூரத்தைவிட ஏற்ற இறக்கம்தான் ஆளைக் களைக்க வைக்கும். பெயருக்கு ஏழு முகடு என்றாலும் ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏற வேண்டும். படியேறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குக் கஷ்டம் என்பது உங்கள் அம்மாவுக்கே தெரிந்திருக்கும். இங்கே அந்த இறக்கம் திரும்பத் திரும்ப வரும், கைப்பிடி கிடையாது, ஏழையும் தாண்டும்வரை நடுவில் விட்டுவிட்டு வண்டி பிடிக்கவும் வழி கிடையாது.

இனி பாறையைப் பற்றி. இது தெரிந்தால்தான் விளிம்பைப் பற்றி நான் சொல்லப்போவது விளங்கும். பள்ளிப் புவியியலில் 'கடல் ஓங்கல்' என்று படித்தோமே, கடல் அரித்து அரித்து செங்குத்தாக நிற்கும் கரை, அதுதான் இது. மேற்கிலிருந்து ஹேவன் ப்ரோ, ஷார்ட் ப்ரோ, ரஃப் ப்ரோ, பிராஸ் பாயிண்ட், ஃபிளாக்ஸ்டாஃப் பாயிண்ட், பெய்லிஸ் ப்ரோ, வென்ட் ஹில் என்று ஏழு சகோதரிகள். ஃபிளாட் ஹில்லையும் சேர்த்து எட்டு என்று எண்ணுகிறவர்களும் உண்டு. மிக உயரம் ஹேவன் ப்ரோ, 77 மீட்டர். திருச்சி மலைக்கோட்டையை விடச் சற்றுத்தான் குறைவு. அதற்கும் கிழக்கே பீச்சி ஹெட் 162 மீட்டர், மலைக்கோட்டையைப் போல இரண்டு மடங்கு; பிரிட்டனின் சுண்ணக் கடலோங்கல்களில் அதுவே உயர்ந்தது. என் அம்மா முதல் தடவை பார்த்தபோது பெயரைக்கூடக் கேட்கவில்லை. "ஏழு கன்னிமாருடா" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஏரிக்கரையில் வரிசையாக வைத்த ஏழு கல்லைப் பார்த்து வளர்ந்த கண் அது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைதான், ஆனால் எனக்கு அன்றிலிருந்து அவை கன்னிமார்தான்.

சீமைச்சுண்ணாம்பு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்களே, அந்தப் பொருளே மலையாக நிற்கிறது. இப்போது பள்ளியில் எழுதும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம். இது அசல் சுண்ணம். கடலில் மிதந்து வாழ்ந்த, கண்ணுக்குத் தெரியாத பாசி உயிர்களின் சுண்ணத் தகடுகள் அடியில் மழைபோல விழுந்து படிந்து உருவானது. ஆயிரம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் சேரும். அந்தக் கணக்கில் ஹேவன் ப்ரோவின் முகம் ஒன்று எழும்பவே குறைந்தது முப்பது, நாற்பது லட்சம் ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். காலம் கிரிடேசியஸ் யுகத்தின் பிற்பகுதி, ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னும் பின்னும். அப்பாவிடம் இதைச் சொல்லும்போது அரியலூரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அரியலூர், உட்டத்தூர், காரை பக்கம் அம்மோனைட் சங்குகள் கிடைக்கின்றனவே, சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்களே, அந்த அடுக்குகளும் இதே யுகத்துக் கடலடிதான். நம் பக்கம் கரை அருகில் இருந்ததால் மணலும் களிமண்ணும் கலந்து வந்தன. இங்கே கரை தொலைவில், தண்ணீர் தெளிவு. அதனால்தான் இவ்வளவு வெள்ளை.

வெள்ளைச் சுவரில் ஒரே சீராகக் கறுப்புக் கோடுகள் ஓடுவதைப் பார்ப்பீர்கள். அவை சிக்கிமுக்கிக் கல் வரிசைகள். அந்தக் கடலில் வாழ்ந்த கடற்பஞ்சுகளின் சிலிக்கா கரைந்து மறுபடி முடிச்சு முடிச்சாக உறைந்தது. சுண்ணம் நகத்தால் கீறினாலே மாவாகும். இந்தக் கல்லோ கண்ணாடி போல உடைந்து கையைக் கிழிக்கும். பாறை சரிந்து சுண்ணம் கடலில் கரைந்தபின் மிஞ்சுவது இந்தக் கல்தான். சீஃபோர்டு கடற்கரையில் காலடியில் நொறுநொறுவென்று உருளும் கூழாங்கற்கள் முழுக்க இதன் உருண்ட வடிவம். மெரினா மணலை எதிர்பார்த்து வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உடனே போட்டுக்கொள்வார்கள்.

இப்போது விளிம்பு. இந்தப் பாதையின் பெரும்பகுதியில் வேலி கிடையாது. பசும்புல் மெத்தென்று சரிந்து போய், திடீரென்று முடிந்துவிடும், அதற்கப்பால் காற்று. ஏழு சகோதரிகளின் கிழக்கு முனையிலுள்ள பர்லிங் கேப், பீச்சி ஹெட் பக்கம் சில இடங்களில் கம்பி வேலி பார்க்கலாம். வேலி இல்லாத இடம் பாதுகாப்பான இடம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். இவ்வளவு நீளத்துக்கும் வேலி போட்டால் அந்த வேலியே சில வருடத்தில் கடலில் கிடக்கும்.

ஏன் என்றால் இந்தச் சுவர் வெள்ளையாக இருப்பதே அது விழுந்துகொண்டே இருப்பதால்தான். அலை அடியைக் குடைகிறது. சுண்ணத்தில் இயற்கையாகவே செங்குத்து வெடிப்புகள் உண்டு. மழைநீரைப் பஞ்சுபோல உறிஞ்சிக்கொள்ளும் பாறை இது, நனைந்தால் வலு குறையும். குளிர்காலத்தில் உள்ளே நீர் உறைந்தால் வெடிப்பு இன்னும் விரியும். கடைசியில் ஒரு வெடிப்புக்கு முன்னாலிருக்கும் பாளம் மொத்தமாகக் கீழே போகிறது, அடியில் புதிய வெள்ளை முகம் தெரிகிறது. டோவரின் பாறைகளுக்குப் பெயர் அதிகம். ஆனால் அங்கே சில பகுதிகளில் கடல் அடி வரை எட்டாமல் காப்பு இருப்பதால் செடி முளைத்துப் பசுமை படர்ந்துவிட்டது. செவன் சிஸ்டர்ஸுக்கு அப்படிப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. அதனால்தான் இந்தப் பளிச்சென்ற நிறம்.

எவ்வளவு வேகத்தில் என்பதற்கு அளவு இருக்கிறது. பீச்சி ஹெட்டிலும் சீஃபோர்டுக்குப் பக்கத்து ஹோப் கேப்பிலும் அலை அரித்த மேடைப் பாறையில் சேர்ந்திருக்கும் பெரிலியம்-10 ஐசோடோப்பை (பாறை எவ்வளவு காலம் வெளியே தெரிந்து கிடந்தது என்று காட்டும் அணு வகை) அளந்து 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. பல ஆயிரம் ஆண்டுகளாக வருடத்துக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் பின்வாங்கிய கரை, கடந்த 150 ஆண்டுகளில் 22 முதல் 32 சென்டிமீட்டர் என்ற வேகத்துக்கு வந்துவிட்டது என்பது அதன் முடிவு. வேகம் கூடியது எனக்குச் சந்தேகமில்லாத விஷயம். ஏன் கூடியது என்பதில்தான் இன்னும் பேச்சு ஓய்வதாக இல்லை. பாறை அடியில் அலையைத் தாங்கிக்கொண்டிருந்த கூழாங்கல் கரை மெலிந்துபோனதும், அந்தக் கல்லை மேற்கேயே தடுத்து நிறுத்தும் கடற்கரைக் கட்டுமானங்களும், புயல்களும் எந்த அளவுக்குக் காரணம் என்று ஆளுக்கொரு விகிதம் சொல்வார்கள். கல் கரை மெலிந்ததுதான் முக்கியம் என்பது என் கருத்து. கருத்து என்றே அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சராசரியை நம்பி விளிம்பில் நிற்கக் கூடாது. வருடத்துக்கு ஒரு சாண் என்றால், ஒவ்வொரு வருடமும் ஒழுங்காக ஒரு சாண் போகும் என்று அர்த்தமில்லை. பத்து வருடம் ஒன்றும் நடக்காது, ஒரு ராத்திரியில் நான்கு மீட்டர் போய்விடும். 2014 குளிர்காலப் புயல்களில் பர்லிங் கேப்பில் ஏழு வருடத்துக்கான அரிப்பு இரண்டே மாதத்தில் நடந்ததாக அந்த இடத்தைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு சொன்னது. எந்த இடம், எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்ல என் துறையில் யாராலும் முடியாது. வெடிப்பைப் பார்த்து 'இது போகும்' என்று சொல்லலாம், 'செவ்வாய்க்கிழமை போகும்' என்று சொல்ல முடியாது. வெடிப்பே மேலே தெரியாமல் புல்லுக்கு அடியில் இருக்கவும் கூடும். சில இடங்களில் மேலே புல்லும் ஒரு முழம் மண்ணும் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், கீழே பாறை இருக்காது. அங்கே நிற்கிறவருக்கு அது தெரியவே தெரியாது, எதிர்ப்பக்கம் இருந்து பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

ஒரு பிப்ரவரியில் பர்லிங் கேப் கடற்கரையில், பாறையிலிருந்து நன்றாகத் தள்ளி நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். இருநூறு மீட்டர் தொலைவில் ஒரு பாளம் போயிற்று. சத்தம் பின்னால்தான் வந்தது, லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி. முதலில் கண்ணில் பட்டது வெள்ளைப் புகை. காற்றில்லாத நல்ல வெயில் நாள் அது, முந்தின இரண்டு நாளும் மழையில்லை. கடல் அந்த இடத்தில் பல நாள் பால் கரைத்தது போலவே இருந்தது. இருபத்தைந்து வருடப் படிப்பும் வேலையும் எனக்கு அந்த நிமிடம் ஒரு முன்னறிவிப்பும் தரவில்லை.

அதனால் நான் யாருக்கும் சொல்லும் விதி: விளிம்பிலிருந்து குறைந்தது ஐந்து மீட்டர், காற்று அடித்தால் அதற்கும் மேல். தரையில் விளிம்புக்கு இணையாக ஒரு வெடிப்புக் கோடு தெரிந்தால் அந்த ஐந்து மீட்டரை வெடிப்பிலிருந்து எண்ணுங்கள். 2017-ல் ஒரு கொரிய மாணவி படத்துக்காகத் துள்ளிக் குதித்தபோது விழுந்து இறந்தார். அவர் அசட்டையான பெண் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்தப் புல்லைப் பார்த்தால் எவருக்கும் அது தரை என்றுதான் தோன்றும். உங்கள் அப்பாவுக்கு முன்கூட்டியே வீட்டில் வைத்தே சொல்லிவிடுங்கள். அங்கே போய்ச் சொன்னால், ஊரில் எத்தனை மலை ஏறியவன் நான் என்பார்.

என் அப்பாவும் அப்படித்தான். ஹேவன் ப்ரோ மேலே போனதும் ஓரத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார். "அப்பா, அங்க வேண்டாம்ப்பா" என்றேன். "இவ்ளோ தூரம் வந்து எட்டிப் பாக்கலன்னா எப்படிடா?" என்றார். "அங்க நின்னா கடல்தான்ப்பா தெரியும். நீங்க நிக்கிற பாறை உங்களுக்கே தெரியாது. பாறையப் பாக்கணும்னா எதிர்க்கரைக்குப் போகணும்." கொஞ்ச நேரம் நின்றார். "சரிதான். கோபுரத்து மேல ஏறிக்கிட்டா கோபுரத்தப் பாக்கமுடியும்? தெருவுல நின்னுதான் பாக்கணும்" என்று திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு நான் யாரைக் கூட்டிப்போனாலும் அப்பா சொன்னதைத்தான் சொல்கிறேன். உங்கள் இரண்டு கவலைக்கும் ஒரே பதில் என்றேனே, அது இதுதான். இந்த ஏழையும் சேர்த்து முழுதாகப் பார்க்கும் இடம் அவற்றின் மேலே இல்லை. நடுவில் ஓடும் கக்மியர் ஆற்றுக்கு மேற்கே, பழைய கடற்காவலர் குடில்களுக்கு மேலுள்ள புல்மேட்டில் இருக்கிறது. நாட்காட்டிகளில் வரும் படம் எல்லாம் அங்கிருந்து எடுத்ததுதான்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் பாதை முழு நடையில் பாதிக்கும் குறைவு, ஆனால் காட்சியில் குறைவில்லை. சீஃபோர்டில் இறங்கிக் கடற்கரைச் சாலைக்குப் போய்க் கிழக்கு நோக்கி நடங்கள். சாலை முடியும் இடத்தில் சீஃபோர்டு ஹெட் எழும்பும். அந்த ஏற்றம் கொஞ்சம் செங்குத்துதான், மொத்த நாளில் பெரிய ஏற்றம் அது ஒன்றே. பாறையின் முகத்தில் கிட்டிவேக் என்ற கடற்பறவைகள் கோடையில் கூட்டமாகக் கூடு கட்டும். செப்டம்பர் கடைசியில் அவை கடலுக்குள் போயிருக்கும், அதை எதிர்பார்க்க வேண்டாம். மேலே கோல்ஃப் மைதானத்தை ஒட்டிப் புல்வெளி. நெற்றியைத் தாண்டியதும் ஏழு பேரும் வரிசையாகக் கண்ணில் படுவார்கள். அங்கிருந்து ஹோப் கேப் வழியாக மெதுவான இறக்கம், கீழே குடில்கள். நிலையத்திலிருந்து இதுவரை ஐந்து, ஐந்தரை கிலோமீட்டர் இருக்கும். அம்மாவுக்கு அந்த ஏற்றமே வேண்டாம் என்றால் சீஃபோர்டு நிலையத்திலிருந்து டாக்ஸி வைத்து சவுத் ஹில் பார்ன் என்ற வண்டி நிறுத்துமிடம் வரை போய்விடலாம். அங்கிருந்து குடில்களுக்குக் கிலோமீட்டருக்குச் சற்று மேல், அகலமான பாதை, இறக்கம் லேசானது. இரண்டு பேர் நடந்து, இரண்டு பேர் டாக்ஸியில் வந்து மேட்டில் சேர்ந்துகொள்வதில் ஒரு குறையும் இல்லை.

குடில்களுக்குக் கீழே ஆறு கடலில் சேரும் இடம் வரும். எதிர்க்கரையில் ஹேவன் ப்ரோ கைநீட்டினால் தொடலாம் போலிருக்கும், தண்ணீரும் சில நேரம் முழங்கால் அளவுதான் போலத் தெரியும். சிலர் இறங்கிக் கடந்தும் விடுவார்கள். நீங்கள் இறங்காதீர்கள். இங்கிலீஷ் கால்வாயில் ஓதம், அதாவது கடல் ஏறி வற்றுவது, நம் ஊர்ப்போல இல்லை. சென்னையில் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் இடையே ஒரு மீட்டர் போல வித்தியாசம். இங்கே பக்கத்து நியூஹேவன் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஆறு மீட்டர் வரை. இரண்டு மாடி உயரம் ஆறு மணி நேரத்தில் ஏறி, அடுத்த ஆறு மணி நேரத்தில் இறங்குகிறது. ஆற்று முகத்தில் அந்த நீர் உள்ளே பாய்வதும் வெளியே ஓடுவதும் ஆளை இழுக்கும் வேகத்தில். இதே காரணத்தால் பாறையின் அடியில் கடற்கரை ஓரமாக நடப்பதையும் விட்டுவிடுங்கள். கக்மியர் முகத்திலிருந்து பர்லிங் கேப் வரை சுமார் நான்கு கிலோமீட்டருக்கு மேலே ஏற ஒரு வழியும் இல்லை. கடல் ஏறினால் நேராகப் பாறை அடிக்கு வந்து அறையும், மேலிருந்து கல் விழும் அபாயமும் அங்கேதான். தவறிப்போய் யாராவது மாட்டிக்கொண்டதைப் பார்த்தால் 999-ஐ அழைத்து கோஸ்ட்கார்டு வேண்டும் என்று சொல்லுங்கள். நீங்களே இறங்கிப் போகாதீர்கள்.

ஆற்றைக் கடக்க ஒரே வழி உள்ளே போய் எக்ஸீட் பாலம். குடில்களிலிருந்து ஆற்றோரமாக இரண்டு, இரண்டரை கிலோமீட்டர், சமதளம். மழை பெய்திருந்தால் சேறாக இருக்கும். இந்தப் பகுதியைச் சுற்று என்று சலித்துக்கொள்கிறவர்கள் அதிகம். எனக்கு நாளின் அமைதியான நேரம் இதுதான். பள்ளத்தாக்கில் பாம்புபோல வளைந்து கிடக்கும் நீர், பார்த்தால் ஆறுபோலத் தெரிந்தாலும் ஓடாது. 1840களில் வெள்ளத்தைத் தணிக்க நேராக ஒரு கால்வாய் வெட்டி ஆற்றை அதில் திருப்பிவிட்டார்கள். வளைவுகள் அப்படியே நின்றுபோய்க் கொக்கும் நாரையுமாக இருக்கின்றன. எக்ஸீட்டில் செவன் சிஸ்டர்ஸ் பூங்காவின் பார்வையாளர் மையம், கழிப்பறை, தேநீர் எல்லாம் உண்டு. சாலையிலேயே பிரைட்டனுக்கும் ஈஸ்ட்போர்னுக்கும் இடையே ஓடும் 12-ஆம் எண் வரிசை மாடிப் பேருந்துகள் நிற்கும். அதில் ஏறினால் சிறிது நேரத்தில் சீஃபோர்டு. எடுத்த ரிட்டர்ன் டிக்கெட்டிலேயே வீடு திரும்பலாம்.

அப்பாவுக்கு இன்னும் கால் துறுதுறுவென்றிருந்தால் அம்மாவைத் தேநீரோடு உட்காரவைத்துவிட்டு, நீங்களும் அப்பாவும் எக்ஸீட்டிலிருந்து ஆற்றின் கிழக்குப் பக்கமாகப் போய் ஹேவன் ப்ரோ ஒன்றை மட்டும் ஏறி வாருங்கள், ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். ஏறியபின் கிழக்கே பார்த்தால் அடுத்தடுத்த பள்ளங்கள் தெரியும். அவை பழைய ஓடைகளின் பள்ளத்தாக்குகள். பனியுகத்தில் தரை உறைந்து கிடந்தபோது உருகிய நீர் உள்ளே இறங்க முடியாமல் மேலே ஓடி வெட்டியது. பிறகு தரை இளகியதும் நீர் முழுக்கச் சுண்ணத்துக்குள் இறங்கிவிட்டது, ஓடைகள் வற்றின. கடல் அந்தப் பள்ளத்தாக்குகளைக் குறுக்காக வெட்டிவிட்டதால்தான் நமக்கு ஏழு முகடும் நடுநடுவே தாழ்வுகளும் கிடைத்திருக்கின்றன. இதை மட்டும் மேலே ஏறித்தான் பார்க்க முடியும், விளிம்புக்குப் போகாமலே.

பர்லிங் கேப்பும் பெல் டூட்டும் பார்க்க ஆசையிருந்தால் அதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஈஸ்ட்போர்னில் இறங்கி டாக்ஸியில் போங்கள். பெல் டூட் கலங்கரை விளக்கத்தின் கதை உங்கள் அப்பாவுக்குப் பிடிக்கும். 1830களில் கட்டியது. கடல் மூடுபனியில் அதன் வெளிச்சம் மறைந்துபோனதால் 1902-ல் பீச்சி ஹெட் அடியில், கடலுக்குள்ளேயே சிவப்பு வெள்ளைப் பட்டையோடு நிற்கும் புதிய கலங்கரை விளக்கம் அதன் வேலையை எடுத்துக்கொண்டது. பின்பு பாறை அரித்து வீட்டு வாசல் வரை வந்துவிட, 1999 மார்ச்சில் 850 டன் எடையுள்ள அந்தக் கட்டடத்தை அப்படியே நீரியல் ஜாக்கிகளால் தூக்கி, தண்டவாளம் போன்ற உத்திரங்கள் மேல் நகர்த்தி 17 மீட்டர் உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். என் தொழிலில் இருப்பவர்கள் இன்றும் ஆசையாகப் பேசும் வேலை அது. மறுபடியும் நகர்த்த வேண்டி வரும் என்று தெரிந்தே அதற்கு ஏற்றபடி அடித்தளம் போட்டிருக்கிறார்கள்.

சில நடைமுறை விஷயங்கள். நான்கு பேர் சேர்ந்து போவதால், நெரிசல் இல்லாத நேர டிக்கெட்டில் குரூப்சேவ் தள்ளுபடி கேளுங்கள். மூன்றிலிருந்து ஒன்பது பேர் வரை சேர்ந்து போனால் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாள வேலைக்காக ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவது வழக்கம், அதனால் சனிக்கிழமை நல்லது, முந்தின இரவு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்குச் செருப்போ சாதாரண ஷூவோ போதாது. நனைந்த சுண்ணம் சோப்பு மாதிரி வழுக்கும். அடி நன்றாகப் பிடிக்கும் ஷூ வாங்கி, வருவதற்கு முன் ஊரிலேயே இரண்டு வாரம் போட்டு நடக்கச் சொல்லுங்கள். வெயில் அடித்தாலும் காற்றுப் புகாத மேலங்கி வேண்டும். அம்மாவுக்குச் சேலைதான் என்றால் உள்ளே தெர்மலும் மேலே நீளமான ஜாக்கெட்டும், முந்தானையை நன்றாகச் செருகிக்கொள்ளட்டும். நடைக்கம்பு ஒரு ஜோடி அம்மாவுக்குக் கட்டாயம். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போங்கள், சீஃபோர்டை விட்டால் எக்ஸீட் வரை கடை கிடையாது. கடற்காகங்கள் கையிலிருந்தே பிடுங்கும், டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள். மழையோடு பலத்த காற்று என்று முன்னறிவிப்பு சொன்னால் நாளை மாற்றிவிடுங்கள். மூடுபனி வந்தாலும் அதே, பாதையும் விளிம்பும் ஒன்றுபோலத் தெரியும்.

கடைசியாக நேரம். பாறை முகங்கள் தெற்கும் தென்மேற்குமாகப் பார்க்கின்றன, அதனால் காலையில் பெரும்பாலும் நிழலாக, சாம்பலாகத்தான் இருக்கும். விடியற்காலை ஓட வேண்டாம். ஒன்பதரை மணி வாக்கில் விக்டோரியாவில் ஏறி, பதினொன்றரைக்குள் சீஃபோர்டு கடற்கரையில் உட்கார்ந்து கொஞ்சம் ஓய்வெடுத்து, இரண்டு, இரண்டரைக்குக் குடில்களுக்கு மேலுள்ள மேட்டில் இருக்கும்படி வாருங்கள். அப்போது வெயில் மேற்கே திரும்பி ஏழு முகத்திலும் நேராக விழும். அங்கே ஒரு போர்வையை விரித்து, விளிம்பை விட்டு நன்றாகத் தள்ளி, சாப்பாட்டைப் பிரியுங்கள். ஒரு மணி நேரமாவது உட்காருங்கள், மேகம் போகப்போக ஒவ்வொரு முகமாக மங்கி மறுபடி வெளுக்கும். மூன்றரைக்கு எழுந்தால் போதும், வெளிச்சம் இருக்கும்போதே எக்ஸீட் பேருந்து நிறுத்தத்துக்கு வந்துவிடலாம்.